ஸ்டவர்ஹெட் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லண்டன் முழுக்கக் காட்டியாயிற்று, கிராமப் பக்கமாக எங்கே கூட்டிப்போகலாம் என்று யாராவது கேட்பார்கள். நான் ஸ்டவர்ஹெட் என்பேன். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

ஸ்டவர்ஹெட்னா என்னங்க? பார்க்கா, காடா, அரண்மனையா?

மூன்றிலும் கொஞ்சம் உண்டு. இங்கிலாந்தின் வில்ட்ஷரில், மியர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஸ்டவர்ட்டன் என்ற சிற்றூரை ஒட்டி 2,650 ஏக்கர் எஸ்டேட் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஏரி, சுற்றிலும் மரமடர்ந்த சரிவு, சரிவில் அங்கங்கே பழைய ரோமானியக் கோயில்களைப் போலக் கட்டிய மண்டபங்கள். மேட்டில் ஒரு மாளிகை. ஸ்டவர் ஆறு இங்கே பிறப்பதால் இந்தப் பெயர்.

ஹோர் என்ற வங்கிக் குடும்பம் 1717இல் இந்த நிலத்தை வாங்கியது. மாளிகையைக் கட்டியவர் முதலாம் ஹென்றி ஹோர். தோட்டம் அவருடைய மகன் இரண்டாம் ஹென்றி ஹோரின் வேலை. 1740களில் தொடங்கி வாழ்நாள் முழுக்க அதைச் செய்துகொண்டே இருந்தார். 1946இல் குடும்பம் இதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இன்றும் பராமரிப்பது அவர்கள்தான்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும், ஆனால் திட்டம் வேண்டும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிட்டர் போகும் ரயிலில் ஏறி கில்லிங்ஹமில் இறங்க வேண்டும். ஏறக்குறைய 2 மணி நேரம். அங்கிருந்து தோட்டம் 7 மைல் இருக்கும். கிராமத்துப் பேருந்தை நம்ப வேண்டாம். டாக்ஸியை முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், திரும்புவதற்கும் சேர்த்து.

டிக்கெட் எடுக்கும்போது கவனம். கென்ட்டிலும் இதே எழுத்துக்கூட்டலில் ஓர் ஊர் உண்டு. அதை ஜில்லிங்ஹம் என்பார்கள். நமக்கு வேண்டியது டார்செட்டில் இருக்கும் கில்லிங்ஹம். என் நண்பர் ஒருவர் மாமியார் மாமனாரோடு அந்தப் பக்கம் போய் இறங்கி, ஒரு நாளே வீணாயிற்று.

காரில் வருகிறவர்கள் ஏ303 சாலையில் மியர் பக்கம் பிரிந்து, ஸ்டவர்ட்டன் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

டிக்கெட் ரொம்ப விலையா? உறுப்பினர் ஆகிடலாமா?

விலை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் போகிற வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே வசிக்கிறீர்கள், வருடத்தில் நாலைந்து இடமாவது போவீர்கள் என்றால் நேஷனல் டிரஸ்ட் குடும்ப உறுப்பினர் அட்டை எடுத்துவிடுவது நல்லது. 500க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களிடம் இருக்கின்றன. அட்டை இருந்தால் பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் இல்லை. அதைவிட, "காசு கொடுத்தாச்சே, எல்லாத்தையும் பார்த்தாகணும்" என்ற அவசரம் போய்விடும். இந்தத் தோட்டத்துக்கு அந்த நிதானம் ரொம்ப முக்கியம்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

பூ வேண்டுமா, இலை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூவென்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ரோடோடென்ட்ரான் சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாகச் சரிவெல்லாம் பூத்து, அப்படியே ஏரியில் தெரியும். இலையென்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. பீச் மரம் செம்பு நிறமாகும், டியூலிப் மரம் மஞ்சளாகும், ஜப்பானிய மேப்பிள் நெருப்பாய் நிற்கும்.

எனக்குப் பிடித்தது அக்டோபர்தான். இலை நிறம் மாறுவதை நம் ஊரில் இப்படிப் பார்த்தவர்கள் குறைவு. என் அம்மா ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்று, "இது காய்ஞ்சு போச்சா, பூத்திருக்கா?" என்று கேட்டார். பகல் குறையக் குறைய இலை தன் பச்சையத்தைக் கைவிடுகிறது. அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டும் இலை அந்தச் சமயத்தில் புதிதாய் உண்டாக்குவது. அம்மாவின் கேள்விக்கு இரண்டுமே சரியான பதில்.

தோட்டம் டிசம்பர் 25 தவிர வருடம் முழுவதும் திறந்திருக்கும். ஆனால் டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். பள்ளி விடுமுறையில் வரும் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கூட்டம் தாங்காது.

மழை வந்தா என்ன பண்றது?

நனைய வேண்டியதுதான். மண்டபங்களில் சற்று ஒதுங்கலாம். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. செருப்பு, புதுச் சப்பாத்து வேண்டாம்; பாதையில் சரளை, மரத்தடியில் சேறு. புடவை கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டால் நாள் நிம்மதியாகப் போகும். லேசான தூறலில் ஏரிமேல் மூடுபனி நிற்கும்போது இந்த இடத்துக்கு வரும் அழகு வெயிலில் வராது.

புளியோதரை கட்டிட்டு வரலாமா? உள்ளே சாப்பிட விடுவாங்களா?

தாராளமாக. புல்வெளியில் விரிப்புப் போட்டுச் சாப்பிடுவது இங்கே வழக்கம். அடுப்பு, கரி எதுவும் கூடாது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கையோடு கொண்டுவருவதுதான் வசதி. நுழைவிடத்தருகே உணவகம் இருக்கிறது, ஆனால் பெரியவர்களுக்கு அந்தச் சாப்பாடு பிடிப்பதில்லை. வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள், அதற்கு நல்லதல்ல. நடக்கத் தொடங்குமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். ஏரிப் பாதையில் பாதி வழி போனபின் திரும்புவது கஷ்டம்.

அம்மாவுக்கு முட்டி வலி. எவ்வளவு தூரம் நடக்கணும்?

ஏரியைச் சுற்றும் பாதை 1 மைல்தான். நுழைவிடத்திலிருந்து இறங்கிப்போய் ஏறிவருவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 மைல். நடுநடுவே பெஞ்சுகள் உண்டு. கஷ்டம் இரண்டு இடத்தில்தான். ஒன்று, குகை: படி, ஈரம், கரடுமுரடான தரை. அதைச் சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறது. இன்னொன்று, குன்றின் மேல் இருக்கும் அப்போலோ மண்டபம்: செங்குத்தான ஏற்றம். அம்மாவைக் கீழே ஏரிக்கரையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்து, அன்றைக்கு என்ன வசதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. முழுச் சுற்றும் வேண்டாம் என்றால், கிராமத்துப் பக்கமாக இறங்கிக் கல்பாலம் வரை போனால் போதும். ஸ்டவர்ஹெட் என்றதும் படங்களில் வரும் காட்சி, பாலத்துக்கு அப்பால் ஏரியும் எதிர்க்கரையில் வெள்ளைத் தூண் மண்டபமும், அங்கிருந்தே தெரியும்.

கோயில்னு போட்டிருக்கே, உள்ளே சாமி இருக்கா? செருப்பைக் கழட்டணுமா?

கழற்ற வேண்டாம். பெயர்தான் கோயில். ஃப்ளோரா கோயில், அப்போலோ கோயில், பாந்தியன் (பாலத்திலிருந்து தெரியும் அந்த வெள்ளைத் தூண் மண்டபம்) எல்லாம் தோட்டத்துக்கு அழகு சேர்க்கக் கட்டியவை. யாரும் வழிபட்டதில்லை. பாந்தியனுக்குள் ஹெர்குலிஸின் பெரிய சலவைக்கல் சிலை இருக்கிறது, ரைஸ்பிராக் என்ற சிற்பி செதுக்கியது. என் மாமியார் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

வழிபாடு நடந்த பழைய இடம் பார்க்க வேண்டுமானால் கிராமத்தில் புனித பீட்டர் தேவாலயம் இருக்கிறது. பாலத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஊட்டி மாதிரி பாத்தி பாத்தியா பூ இருக்கும்னு நினைச்சேன். பூவே காணோமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, ஏமாற்றத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிதான் காட்சி. பாத்தி கட்டி, பூத்தொட்டி அடுக்கி, பெயர்ப்பலகை வைத்து, கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்டவர்ஹெட்டில் தூரம்தான் காட்சி. ஹோரின் காலத்தில் பணக்கார ஆங்கிலேயர்கள் இத்தாலிக்குப் போய், கிளாட் லொரெய்ன், காஸ்பார் டூகே போன்றவர்களின் நிலக்காட்சி ஓவியங்களை வாங்கிவந்தார்கள். பக்கத்தில் ஓர் இருண்ட மரம், நடுவில் நீர், தூரத்தில் வெளிச்சம் விழும் ஒரு கோயில்: இதுதான் அந்த ஓவியங்களின் அமைப்பு. அதையே மண்ணையும் நீரையும் மரத்தையும் வைத்துச் செய்து பார்த்தார் ஹோர்.

ஆகவே இங்கே பூவைத் தேடாமல், பாதை எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் ஏரி மறையும், பத்தடி போனால் திரும்பத் தெரியும், அப்போது எதிரே புதிதாய் ஒரு மண்டபம் நிற்கும். இருண்ட பச்சைக்கும் வெளிர்ப் பச்சைக்கும் நடுவே எங்கே இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால், ஒவ்வொன்றும் யோசித்து விட்டது என்பது புரியும். கொஞ்ச நேரம் நின்றால்தான் புரியும். அரை மணி நேரத்தில் சுற்றிவந்து "ஒண்ணுமில்லை" என்கிறவர்கள் உண்மையில் எதையும் பார்க்கவில்லை.

ஏரியை வலமாத்தானே சுத்தணும்?

நமக்குக் கால் தானாக வலப்பக்கம் போகும், கோயில் பழக்கம். ஆனால் இந்தத் தோட்டம் இடமாகச் சுற்றுவதற்கு அமைந்தது. மாளிகைப் பக்கமிருந்து இறங்கினால் முதலில் ஃப்ளோரா கோயில், பிறகு ஏரியின் வடக்கு முனை, குகை, பாந்தியன், அணைக்கரை, அப்போலோ குன்று, கடைசியில் பாலமும் கிராமமும். இந்த வரிசையில் போனால், தூரத்தில் பார்த்த மண்டபத்துக்குள் சற்று நேரத்தில் நீங்களே நிற்பீர்கள். அங்கிருந்து திரும்பினால் புறப்பட்ட இடம் எதிர்க்கரையில் தெரியும்.

ஃப்ளோரா கோயில் வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. தகுதி பெறாதவர்களே, விலகிப் போங்கள் என்று பொருள். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் கதாநாயகன் பாதாளத்துக்கு இறங்குமுன் வரும் வரி அது. அதை வைத்து, சுற்று முழுவதுமே அந்தப் பயணக் கதை என்று சில அறிஞர்கள் விளக்கினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றார்கள் வேறு சிலர். குகைக்குள் இருட்டில் இறங்கி, மேலேறி வெளிச்சத்தில் பாந்தியனைப் பார்க்கும்போது எனக்கு முதல் கூட்டம் சொல்வது சரியென்றே படும்.

அந்த ஏரி இயற்கையா இருந்ததா, வெட்டினதா?

வெட்டியதும் இல்லை. பள்ளத்தாக்கில் ஊற்றுகளும் சிறு குளங்களும் இருந்தன. 1754 வாக்கில் தென்மேற்கு மூலையில் மண் அணை ஒன்று போட்டார்கள். நீர் தேங்கி ஏரியாயிற்று. மரமும் புல்லும் மூடியிருப்பதால் அணைமேல் நடக்கும் பலருக்கு அது அணை என்றே தெரியாது. நம் ஏரிக்கரைகளும் இதே வேலைதான்: தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டுத் தண்ணீரை நிறுத்துவது. ஏரிக்கரையில் வளர்ந்த என் அப்பா மட்டும்தான் யாரும் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்தார். நடந்துகொண்டிருந்தவர் நின்று, "இது கரைடா" என்றார்.

குகைக்குள்ள அப்படி என்ன இருக்கு? படி இறங்கிப் போறது வீணில்லையே?

மூட்டு வலி இல்லையென்றால் கட்டாயம் போங்கள். 1748இல் கட்டியது. உள்ளே ஒரு தேவதை தூங்குகிற சிலை. ஊற்றுநீர் அவளைத் தாண்டித் தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ஆற்றுத் தேவனின் சிலை. இரண்டும் ஜான் சீர் என்ற சிற்பியின் பட்டறையில் ஈயத்தில் வார்த்தவை. கோடையிலும் உள்ளே குளிரும். சுவரில் ஒரு திறப்பு உண்டு, அதன் வழியே ஏரி நீர்மட்டத்தோடு தெரியும். ஆள் குறைந்த நேரத்தில் போய்த் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

ரோடோடென்ட்ரான் நம்ம ஊர்லயும் இருக்குன்னு சொல்றாங்களே?

உண்மைதான். நீலகிரி, பழனி மலைகளில் சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் முறுக்கிய தண்டோடு நிற்கும், செக்கச்செவேலெனப் பூக்கும் காட்டுப்பூவரசு, ரோடோடென்ட்ரான்தான். அதன் இமயமலைச் சொந்தங்கள் 19ஆம் நூற்றாண்டில் விதையாக இங்கிலாந்துக்கு வந்தன. இன்று இங்கே காணும் கருஞ்சிவப்புக் கலப்பினங்கள் பலவற்றில் அந்த ரத்தம் உண்டு.

ஊதா நிறத்தில் பூப்பது வேறு: கருங்கடல் பக்கத்திலும் ஸ்பெயின், போர்ச்சுகலிலும் தோன்றிய பாண்டிகம். அழகாய்த்தான் இருக்கும், ஆனால் தன் நிழலில் வேறு எதையும் முளைக்க விடாது. பிரிட்டனின் பல காடுகளில் இதை வெட்டி அகற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒன்று முக்கியம். நம் பிள்ளைகள் இட்லிப்பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சிப் பழகியவர்கள். இந்தப் பூவில் அதைச் செய்ய விடாதீர்கள். இலையிலும் தேனிலும் நஞ்சு இருக்கிறது.

சாமிக்கு வைக்க ரெண்டு பூ பறிச்சா தப்பா?

கீழே உதிர்ந்ததைக்கூட விட்டுவிடச் சொல்வேன். நூறு பேர் ஆளுக்கு இரண்டு பறித்தால் மரத்தில் ஒன்றும் இருக்காது. காட்டுப்பூண்டு போன்ற கீரைகளுக்கும் இதேதான். ஏப்ரல், மே மாதங்களில் மரத்தடியில் பூண்டு வாசம் வரும். இலையைப் பார்த்துச் சட்னிக்கு ஆகுமென்று தோன்றும். அதைப் போலவே இருக்கும் லில்லி ஆஃப் த வேலி நஞ்சு. பறிக்க வேண்டாம்.

குழந்தைங்களை ஓட விடலாமா?

புல்வெளியில் விடலாம். ஏரிக்கரையில் பெரும்பாலும் வேலி இல்லை, அங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதையோரம் வளரும் காஞ்சொறி பட்டால் அரிக்கும், ஆபத்தில்லை. தோட்டத்தைத் தாண்டிக் காட்டுப்பாதையில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் உடனே இடுக்கியால் எடுக்க வேண்டும். லைம் நோயைப் பரப்பக்கூடியது அது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆல்ஃபிரட் மன்னர் கோபுரம் பிடிக்கும். எஸ்டேட்டின் மேற்கு விளிம்பில் 1772இல் முடித்த முக்கோணச் செங்கல் கோபுரம். உச்சிக்கு 205 படி. குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் ஏற விடுவார்கள், நாளைப் பார்த்துப் போங்கள்.

போட்டோவுக்கு எந்த நேரம் நல்லது? ட்ரோன் விடலாமா?

ட்ரோன் கூடாது. முட்டி வலிக் கேள்வியில் சொன்ன பாலத்துக் காட்சிக்குக் காலை நேரம்தான் சரி. பாந்தியன் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். காற்று எழுமுன் போனால் ஏரி கண்ணாடி போலிருக்கும். கல்யாணப் படம், விளம்பரப் படம் என்றால் அனுமதி வாங்க வேண்டும்.

ஸ்டோன்ஹெஞ்சையும் அதே நாள்ல முடிச்சிடலாமா?

அந்தப் பழங்காலக் கல்வட்டம் ஏ303 சாலையில் 25 மைல் கிழக்கே இருக்கிறது, முடியும். ஆனால் காலையில் இங்கே வந்துவிட்டு மாலைக்கு ஸ்டோன்ஹெஞ்ச் நேரச்சீட்டு எடுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் எல்லோரும் இங்கே களைத்துப்போய் வந்தார்கள்.

இரண்டுக்கும் ஓர் உறவும் உண்டு. தோட்டத்தை அமைத்த ஹென்றி ஹோரின் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர், வில்லியம் கன்னிங்டன் என்ற அகழ்வாய்வாளரோடு சேர்ந்து ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள பழைய புதைமேடுகளைத் தோண்டியவர். 1808இல் புஷ் பாரோ மேட்டில் அவர்கள் எடுத்த தங்கத் தகடு டிவைசஸ் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாளிகைக்குள்ள போகணுமா, தோட்டம் போதுமா?

நேரம் குறைவென்றால் தோட்டம் போதும். மாளிகையின் நடுப்பகுதி 1902இல் தீப்பிடித்து எரிந்து, திரும்பக் கட்டியது. கோல்ட் ஹோரின் நூலகம் தப்பியது. அதற்காக மட்டும் போகலாம்.

எனக்கு அங்கே மனதைப் பிடித்து இழுப்பது கடைசிச் சொந்தக்காரர்களின் கதை. சர் ஹென்றி, ஆல்டா தம்பதிக்கு ஒரே மகன், ஹாரி. முதல் உலகப்போரில் பாலஸ்தீனத்தில் காயம்பட்டு 1917இல் இறந்துபோனான். அதனால்தான் எஸ்டேட் அறக்கட்டளைக்குப் போயிற்று. ஒப்படைத்த மறு வருடம், 1947இல், கணவனும் மனைவியும் ஒரே நாளில் இறந்தார்கள். தோட்டத்தை அமைத்த ஹென்றி ஹோரும் மனைவியை 1743இலும் மகனை 1752இலும் இழந்தவர்தான்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அடிமை வியாபாரமா?

நேராகக் கேட்க வேண்டிய கேள்வி. அடிப்படை, 1672இல் தொடங்கிய ஹோர் வங்கி. லண்டன் ஃப்ளீட் தெருவில் அது இன்றும் நடக்கிறது. 1720இல் சவுத் சீ கம்பெனியின் பங்குகளை வாங்கி, விலை சரியுமுன் விற்று அந்த வங்கி நல்ல லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனி ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஏற்றிச்சென்ற கம்பெனி. ஆகவே தொடர்பு உண்டு. தோட்டத்தை ரசிப்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்டால் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

அப்போ நாம பாக்கிறது ஹோர் பார்த்த அதே தோட்டம்தானா?

முழுக்க அல்ல. அவர் போட்டிருந்த துருக்கியக் கூடாரம் இப்போது இல்லை; இத்தாலி நிலக்காட்சிக்குப் பொருந்தாதவற்றைப் பேரன் எடுத்துவிட்டார். மேலே சொன்ன ஊதாப்பூப் பாண்டிகத்தை 1791இல் நட்டவரும் அந்தப் பேரன்தான். அப்புறம் வந்த தலைமுறைகள் வட அமெரிக்க, ஆசிய மரங்களை நட்டன. இன்று மே மாதத்தில் எல்லோரும் பார்க்க வரும் அந்த நிறங்களை ஹென்றி ஹோர் பார்த்ததே இல்லை. அவர் காலத்தில் இது பெரும்பாலும் பச்சையும் நீரும் கல்லுமாக இருந்த தோட்டம்.

மரம் வளர்ந்துகொண்டே இருக்கும், ஏரியைப் பார்க்கும் இடைவெளிகளை மூடப் பார்க்கும். தோட்டக்காரர்கள் லாரல் புதர்களைக் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பதைக் குளிர்காலத்தில் போனால் பார்க்கலாம். அவர்கள் வெட்டுவதால்தான், ஃப்ளோரா கோயில் படியில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் பாந்தியன் இன்னும் தெரிகிறது.